இரண்டு பையன்களுக்கு ஒரு பந்துக்காரர்

1

நான் இந்த ஊருக்கு வந்து இந்த ஆடியோடு பத்து வருஷம் ஆகிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதர் ஒருவர் இப்போது நெசவாளர் பத்திரிகை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். அமெரிக்காவைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பு, பனி கொட்டுவதைப் பற்றியாவது எழுது என்று கேட்டிருந்தார். பனி குளிராக இருக்கும். அதைச் சொல்ல நான் எதற்கு? இந்த ஒரு மாதமாக என் மனசில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதை எழுதினால்தான் அடுத்ததை எழுத முடியும்.

நான் வேலை செய்வது ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு பட்டு மில்லில். கழுத்தில் கட்டுகிற டைக்கு இங்கே துணி நெய்கிறார்கள். மில் முதலாளி ஒரு முறை பட்டு வாங்க நம் ஊருக்கு வந்தபோது, ஒரு வீட்டில் நான் தறிக்குள் உட்கார்ந்து பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெகு நேரம் நின்று பார்த்தார். அவரிடம் சில பழைய தறிகள் இருந்தன. அவற்றுக்குப் பிணைக்க ஆள் கிடைக்கவில்லை. அதனால் காகிதம் அனுப்பினார், நானும் வந்தேன். என் மனைவி சரோஜாவும் எட்டு வயதுப் பையன் குமரேசனும் கூட வந்தார்கள்.

நெசவு தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், அதன் நுனிகளோடு புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு செய்கிற வேலை. அதற்கென்று தனி ஆட்கள் உண்டு. நான் அப்படி ஒருவன். எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தறி கிடையாது. யார் வீட்டில் பாவு தீர்கிறதோ அங்கே கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்து பிணைத்து முடித்தால் எழுந்து அடுத்த வீடு. சேலை நெய்தவன் பேரைத்தான் ஊர் சொல்லும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் பயந்த சுபாவம். நாலு பேர் என்னைப் பார்த்தாலே வியர்த்துவிடும்.

இங்கே வந்தும் அப்படியேதான். காலையில் மில் சங்கு ஊதும். ஊதுவதற்கு முன்பே நான் வாசலில் நிற்பேன், பிந்திவிட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில். மதியம் கேன்டீனில் மூலை மேசையில் தயிர்சோறு. யாராவது ஏதாவது கேட்டால் சிரிப்பேன். எனக்கு நன்றாக வருகிற இங்கிலீஷ் அந்தச் சிரிப்புதான்.

2

இந்த ஊர்க்காரர்களுக்குப் பேஸ்பால் என்றால் உயிர். கிரிக்கெட் மாதிரி மட்டையும் பந்தும்தான், ஆனால் வேறு ஆட்டம். எங்கள் முதலாளிக்கு இரண்டு மில்கள். ஒன்று இங்கே, இன்னொன்று வடக்கே, பஸ்ஸில் போனால் அரைநாள் பயணம். கோடைக்காலத்தில் சுற்று வட்டார மில்கள் எல்லாம் தங்களுக்குள் ஆடும். ஆடுகிறவர்கள் அந்தந்த மில்லில் வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆட்டத்தில் ஒருவர் மேட்டில் நின்று பந்து எறிந்துகொண்டே இருப்பார். ஒன்பது முறை ஆட வேண்டும். ஆறு, ஏழு முறை ஆனதும் அவருடைய தோள் ஓய்ந்துவிடும். அப்போது அவரை உட்காரவைத்துவிட்டு, அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த வேறு ஒருவரை அனுப்புவார்கள். கடைசியைக் காப்பாற்றிக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. இதைக் குமரேசன் எனக்கு முதல் முதலாக விளக்கியபோது, "அட, பிணைக்கிற ஆளு" என்றேன். அவன் சிரித்தான்.

இந்த வருஷம் எங்கள் டீமில் அந்த ஆள்தான் சரியில்லை. ஏழாவது வரை ஜெயித்துக்கொண்டே வந்து எட்டாவதில் தோற்றார்கள். மறுபடியும் தோற்றார்கள். டீமைப் பார்த்துக்கொள்கிறவர் பிராங்க், எங்கள் சாயப்பட்டறை மேஸ்திரி. பெரிய உடம்பு, பெரிய குரல். வடக்கு மில்லில் வால்ட் என்று ஒருவர் கடைசி வேளைப் பந்துக்குப் பேர்போனவர். அவரைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார் பிராங்க். வடக்குக்காரர்கள் தருகிறோம் என்றார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது எங்கள் டீமின் இரண்டு இளம் பையன்களை. ஒருவன் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை செய்யும் மேரி என்ற அம்மாளின் மகன் டேவி. இன்னொருவன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு மில்லில் சேர்ந்திருந்த என் மகன் குமரேசன்.

மில்லில் வேலை செய்தால்தான் ஆட முடியும் என்பதால், ஆட்டக்காரனை மாற்றினால் வேலையும் வீடும் சேர்ந்து மாறும். இது எனக்குக் கேன்டீனில்தான் தெரிந்தது. எனக்குக் கேட்கிறது என்ற நினைப்பே இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியது இங்கிலீஷில். அது என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி, நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

தறி ரிப்பேர் பார்க்கிற கிழவர் ஸ்டான் சொன்னார்: "இன்னும் மூணு வருஷம் போனா இந்தப் பசங்க ரெண்டு பேரும் டீமையே தூக்கி நிறுத்துவானுங்க. அவனுங்கள குடுத்துட்டு தொப்ப போட்ட ஆள வாங்கினு வர்றியே, மூள கீள இருக்குதா உனக்கு?"

"மூணு வருஷம் கழிச்சு இந்த மில்லு இருக்குதான்னு நீ சொல்லு மொதல்ல" என்றார் பிராங்க். "பாதி தறி நின்னு போச்சு. எவன் டை கட்றான் இப்ப? ஜெயிக்கிறதா இருந்தா இந்த வருஷம்தான். பசங்க நாளைக்கு நல்லா ஆடுவானுங்க, சரி. நான் நாளைக்கா ஆடுறேன்?"

"ஆடி இன்னா பண்ணப்போற? ஒரு கோப்ப தருவானுங்க. அத வச்சு காப்பி குடிக்கப்போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஸ்டான் என் பக்கம் திரும்பி, "உன் புள்ளையாச்சே, நீ சொல்லுபா. குடுக்கலாமா, கூடாதா?" என்றார்.

கேன்டீன் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன்.

மில் மூடிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு ஏற்கெனவே உண்டு. அதற்கு மேல் இப்போது இது.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிராங்க் எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய பச்சை ஆப்பிள். அவர் தோட்டத்தில் காய்த்தது.

கதவுக்கு வெளியிலேயே நின்று பையன்கள் விஷயத்தைச் சொன்னார். முதலாளி சரி என்றுவிட்டாராம். இன்னும் கையெழுத்து ஆகவில்லையாம். "நீயும் யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் சிரித்தபடி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்தின பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

நம் பக்கத்தில் ஒரு தறி முதலாளி இன்னொரு வீட்டுப் பையனைத் தன் தறியில் உட்காரவைக்க வேண்டுமென்றால் எப்படிக் கேட்பார்? நேரில் வருவார். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நீட்டுவார். அதற்கு மேல் பேச்சு அதிகம் இருக்காது. பையனைப் பெற்றவன் இரண்டு கையால் தட்டை வாங்கிக்கொண்டால் பையன் போகிறான் என்று அர்த்தம். மனசில்லை என்றால் கை நீட்டக் கூடாது. வாங்கின பிறகு மனசு மாறினால், தட்டை எப்படி வந்ததோ அப்படியே நிறைவாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும். வெறும் தட்டு திரும்பினால் பேச்சு முடிந்தது, பையன் போயாக வேண்டும்.

என் தம்பி நடராஜன் அப்படித்தான் போனான். எங்கள் நைனா தட்டு வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வாலாஜாபாத்தில் தறி போட்டிருந்த ஒருவர் வந்து கேட்டார். நைனா கெட்டவர் இல்லை. நல்ல இடம், நல்ல முதலாளி என்றுதான் வாங்கினார். தம்பிக்குச் சோறு அங்கே, படுக்கை அங்கே. விசேஷத்துக்கு வந்தால் சாயங்கால ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு கல்யாணமும் அந்தப் பக்கத்திலேயே ஆனது. நைனா செத்த அன்றைக்கு அவன் வந்து தெருவில் வந்திருந்தவர்களோடு நின்றான். "உள்ள வாடா" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். சொந்த வீட்டுக்குள் வருவதற்குச் செருப்பை எங்கே விடுவது என்று அவன் தயங்கினான். அந்தத் தயக்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வாலாஜாபாத் கூப்பிடு தூரம். இது அரைநாள் பஸ்.

"யாரு வந்தது?" என்று சரோஜா சமையல்கட்டிலிருந்து வந்தாள். என் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். "இன்னா தட்டு அது? ஆடி மாசத்துல யாரு தட்டு எடுத்துக்கினு வர்றது?"

"மேஸ்திரி. அவர் மரத்துல காச்சதாம். சும்மா குடுத்தாரு."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவள் ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "மாங்கா மாதிரி புளிக்குது. தொக்கு போடலாம்" என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டது.

4

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேலையில் இழை இழையாக நழுவியது. முறுக்கினது நிற்கவில்லை. நின்றது அறுந்தது.

என் பயங்கள் ஒழுங்காக வரிசையில் வராது. எல்லாம் ஒரே சமயத்தில் வரும். அங்கே பனி இன்னும் அதிகமாமே, அவனுக்கு மார்ச்சளி பிடிக்குமே. ராத்திரி யார் கதவைத் தட்டினாலும் திறந்துவிடுவானே. அந்த ஊரில் நம் நிறத்து ஆள் ஒருவராவது இருப்பாரா? பிறகு சர்க்கார் பயம். குடியுரிமை வாங்காத எங்களைப் போன்றவர்கள் வருஷா வருஷம் ஜனவரியில் தபால் ஆபீசுக்குப் போய் இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் வீடு மாறினால் அதற்குத் தனியாக ஒரு அட்டை. எழுதத் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். என் அட்டையை நான் வீட்டில் மூன்று தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் எடுத்துப்போவேன். ஒரு தடவை 'பிறந்த இடம்' என்ற இடத்தில் சின்ன காஞ்சிபுரம் என்று எழுதிவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சின்ன என்றால் என்ன என்று கேட்டாள். விளக்கத் தெரியவில்லை. பிறகு ஒரு வருஷம், எனக்கு ஏதோ காகிதம் வரப்போகிறது என்று தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் ஒதுங்கி நின்றேன். எதுவும் வரவில்லை. தனியாகப் போனால் குமரேசன் அட்டையே எழுத மாட்டான். அவனுக்கு இது எதுவும் பயமாகத் தெரியாது. எனக்கு அதுவே பயம்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் ஆடி மாதம். ஆடியில் கொடுத்த தட்டு செல்லாது என்று நமக்குத் தெரியும். பிராங்குக்குத் தெரியுமா?

குமரேசனிடம் கேட்கலாமென்றால் அவன் வீட்டில் இருக்கிற நேரமே குறைவு. வருவான், நின்றபடி சாப்பிடுவான், போவான். இப்போதெல்லாம் அவன் எங்களிடம் பேசும்போது பாதியில் தமிழ் தீர்ந்துவிடுகிறது, மீதியை இங்கிலீஷில் முடிக்கிறான். அந்த மீதியில்தான் விஷயம் இருக்கும். அவன் அம்மா, "சொல்லி முடிடா" என்பாள். அதற்குள் வாசற்கதவு சாத்தியிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டைக் கழுவித் துடைத்தேன். சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப எங்க போறீங்க?"

"தட்டு குடுத்துட்டு வரேன்."

"வெறுந்தட்டா குடுப்பாங்க? இருங்க, கொஞ்சம் தொக்கு..."

"தொக்கெல்லாம் வாணாம்" என்றேன். நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அவளும் பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

கடையில் பச்சை ஆப்பிள் இல்லை, சிவப்புதான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு போனேன்.

5

பிராங்க் வீட்டுப் பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தட்டை இரண்டு கையால் நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், தன் மரத்தைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"என் மரத்துல பச்சையாத்தான காய்க்கும்? உன் ஊட்டுக்குப் போனதும் பழுத்துப் போச்சா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் அதைக் கவனித்து மெஷினை நிறுத்தினார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் சேர்த்து, கையாலும் காட்டி, தட்டு விவரத்தைச் சொன்னேன். என் தம்பியைப் பற்றிக்கூடச் சொன்னேன். பாதியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடப் பாவி, மரத்துல ரொம்ப காய்ச்சிருக்குது, அணில் தின்னுட்டுப் போவுதேன்னு தெரு முழுக்கக் குடுத்தேன். அப்ப இந்தத் தெருவுல இருக்கிற அத்தினி புள்ளைங்களும் என்னுதா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என்னைப் படியில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னான். ஆனா நீ இப்படி வந்து நிக்கிறியே, இன்னா பண்றது? உன் புள்ள போன வாரமே சரின்னுட்டான். நான் உன் ஊட்டுக்கு வந்ததுக்கு முன்னாடியே. அவனுக்குப் பதினெட்டு ஆச்சு. நீ தட்டு வாங்கினாலும் ஒண்ணுதான், வாங்காட்டியும் ஒண்ணுதான்."

ஐந்து நாளாக என் கையால் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். என் கையை யாரும் கேட்கவே இல்லை. எது அதிகம் வலித்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"வேணாம்னு நான் சொன்னா?" என்று கேட்டேன். இதைக் கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

பிராங்க் கையில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையிலதான் கையெழுத்து. வடக்குக்காரங்க ரெண்டு பசங்களையும் சேர்த்துத்தான் கேக்கறாங்க. உன் பையன் இல்லன்னா பேச்சே இல்ல. நானும் ரெண்டு புள்ள பெத்தவன். நீ இன்னிக்கு ராவுக்குள்ள வந்து வாணாம்னு ஒரு வார்த்த சொல்லு, நான் நிறுத்திடறேன். ஏன் எதுக்குன்னு அவன்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. வால்ட் இல்லாம நாங்க தோத்தா, அதுக்கு நீதான் காரணம்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். அத நான் மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

சிவப்பு ஆப்பிளை எடுத்துக்கொண்டு தட்டை மட்டும் என்னிடம் திருப்பித் தந்தார். அதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

6

குமரேசன் வீட்டுக்குப் பின்னால் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். அவன் நிறுத்தவில்லை.

"பிராங்க் வூட்டுக்குப் போயிருந்தேன்."

பந்து சுவரில் பட்டு வந்தது. பிடித்து, கையிலேயே வைத்துக்கொண்டான். "சொல்லிட்டாரா?"

"நீ ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ. நீ பயந்தா அம்மா பயப்படும். அப்புறம் நானும் பயப்படணும். அத்தினி பேரு பயப்பட நேரம் இல்லப்பா."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "உன்ன பண்டமாத்து பண்றாங்கடா. ஒரு கெழவனுக்காவ."

"கெழவன் இல்ல. அந்த லீக்லயே பெஸ்ட்டு. அவருக்கு நானும் டேவியும் சமம்னு சொல்றாங்க. அது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? இங்க நான் பெஞ்சுல குந்திக்கினு இருக்கேன். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்கிறாங்க. அங்க போனா டெய்லி ஆடுவேன். என்னைத்தான் வேணும்னு கேட்டிருக்காங்கப்பா."

நடராஜன் கதையைச் சொன்னேன். அவனுக்குத் தன் சித்தப்பா இப்போது ஒரு போட்டோ மட்டும்தான். செருப்பை எங்கே விடுவது என்று அவர் தயங்கினதைச் சொன்னபோது குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு கேட்டான்: "சித்தப்பா போறேன்னு சொன்னாரா?"

"அவன யாரும் கேக்கல."

"என்னைக் கேட்டாங்க. நான் சொன்னேன்."

அவன் பந்தை ஒரு தடவை சுவரில் எறிந்து பிடித்தான்.

"அங்க உனக்கு யாரும் இல்லடா" என்றேன்.

"நீ இங்க வந்தப்ப உனக்கு யாரு இருந்தா?"

"நீ இருந்த. உங்கம்மா இருந்தா."

பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பந்து இரண்டு முறை கை நழுவிக் கீழே விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். பயம் அவனுக்கும் இருந்தது. என்னிடம் காட்டாமல் வைத்திருந்தான். என் மகன் என்னைப் போல இல்லை என்று பத்து வருஷமாகப் பயந்தேன். அன்றைக்கு அவன் என்னைப் போலவே இருந்தான். அதுவும் பயமாக இருந்தது.

"பயமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்." பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னான்.

"சொல்லி முடிடா, தமிழ்ல."

அவன் தேடினான். அந்த வார்த்தைகள் அவனுக்கு எங்கோ தூரத்தில் இருந்தன. "பயமா இருக்குது. ஆனா போகணும்னும் இருக்குது. ரெண்டும் சேந்து இருக்குது."

அன்று இரவு நான் பிராங்க் வீட்டுக்குப் போகவில்லை. யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை செருப்பை மாட்டினேன், இரண்டு முறையும் கழற்றினேன்.

சரோஜாவிடம் காலையில்தான் சொன்னோம். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவுங்க உங்கள கேட்டாங்க. இவன கேட்டாங்க. என்னை எவனாவது கேட்டானா?" என்றாள். புறப்படுகிற நாள் வரை அவனுடைய துணிகளை, துவைத்ததையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

7

அவன் ஒரு புதன்கிழமை காலை போனான். டேவியும் அவனும் பிராங்கின் வண்டியில் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். மேரியம்மாள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பழைய விலாசத்தையும் புது விலாசத்தையும் போட்டு, வீடு மாறுகிற அட்டையை நானே எழுதி அவன் பையில் வைத்திருந்தேன். "போஸ்ட் பண்ணிடுடா, மறந்துடாதடா" என்று வண்டி திரும்புகிற வரையில் சொன்னேன். ஒரு தகப்பன் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. எனக்கு வந்தது அதுதான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் அடிக்கிறது. நன்றாக இருக்கிறேன் என்கிறான். குரலை வைத்து உண்மையா பொய்யா என்று நானும் சரோஜாவும் மறு ஞாயிறு வரை வாதாடுகிறோம்.

பையன்களைக் கொடுத்தது சரியா என்று கேன்டீனில் இன்னும் சண்டை நடக்கிறது. ஸ்டான் கூடாது என்கிறார், பிராங்க் சரி என்கிறார். இரண்டு பேரும் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டாலும் எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை இங்கே ஆட்டம். வழக்கமாகக் குமரேசன் ஆடினால் மட்டும் போவேன், அதுவும் கடைசி வரிசையில் ஒளிந்துகொள்கிற மாதிரி. இந்த முறை அவன் இல்லை. ஆனாலும் போனேன். மேரியம்மாள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்து வருஷமாக ஒரே மில்லில் வேலை செய்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எட்டாவது முறையில் எங்கள் ஆள் ஓய்ந்துவிட்டார். பிராங்க் கையைக் காட்டினார். மூலையிலிருந்து வால்ட் எழுந்து வந்தார். அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். வயது என்னைப் போலத்தான் இருக்கும். தலை பாதி வழுக்கை. பார்வையைத் தரையில் வைத்தபடி, யாரையும் பார்க்காமல், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது போல நடந்தார். அந்த நடையை எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத வீட்டுக்குள் பாவு பிணைக்க நுழையும்போது நான் நடக்கிற நடை அது.

யாரும் கைதட்டவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒருவன், "ரெண்டு பசங்கள குடுத்து இதையா வாங்கினானுங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். சிலர் சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்.

வடக்கே அதே நேரத்தில் அங்கேயும் ஆட்டம் இருந்தது. எனக்குத் தெரியும், குமரேசன் சொல்லியிருந்தான். அங்கே அவன் ஆட நடந்து வரும்போது முன்வரிசையில் எவன் என்ன சொல்கிறானோ. அவன் பேரைச் சரியாகச் சொல்ல அங்கே ஒருவராவது இருக்கிறாரோ.

நான் எழுந்து நின்றேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வாயில் இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை.

"வாப்பா! வா வா வா! பயப்படாம போடு நைனா!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்வரிசைக்காரன் வாயைத் திறந்தபடி பார்த்தான். பிராங்க் பார்த்தார். எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. பக்கத்தில் மேரியம்மாள், "என்ன சொன்னே?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மடியில் இருந்த கையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

மேட்டின் மேல் வால்ட் தலையைத் தூக்கி, கத்தியது யார் என்று தேடினார். அவருக்குத் தெரியட்டும் என்று கையையும் தூக்கிக்கொண்டு நான் நின்றேன்.